டியர்டிராப் கேம்பருக்கு சேசிஸ் தேர்வும் ஆர்.சி.யும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சொந்தமாக கேம்பர் கட்டும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. பிளைவுட், ஜன்னல், மெத்தை பற்றியெல்லாம் யோசித்துவிட்டு, எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸை 'பட்டறையில் பார்த்துக்கலாம்' என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தலைகீழ். முதலில் காகிதம், அடுத்து இரும்பு, அதற்குப் பிறகுதான் மரம். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், வண்டியும் வாசலைத் தாண்டாது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டியர்டிராப் கேம்பர் என்பது எது?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன ட்ரெய்லர். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும். உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அமெரிக்காவில் 1930-களிலிருந்தே மக்கள் இதை வீட்டிலேயே கட்டி வருகிறார்கள். பொதுவாக 8 முதல் 10 அடி நீளம், 4 முதல் 5 அடி அகலம். நம் மலைப்பாதைக்கு ஏதாவது ஒரு கேம்பர் பொருந்தும் என்றால் அது இந்த அளவில் உள்ளதுதான்.

நானே பைப் வாங்கி வெல்டிங் செய்த சட்டத்துக்கு ஆர்.சி. கிடைக்குமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். நேரான பதில்: அந்த வழியை நம்பி இறங்க வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதில் இன்ஜின் இல்லை என்பது கணக்கில் வராது. பொதுச் சாலையில் ஓட்ட 39-ஆம் பிரிவின்படி பதிவு வேண்டும். பதிவுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆம் விதி சொல்கிறது: விற்பனைச் சான்று படிவம் 21-இல், சாலைத் தகுதிச் சான்று படிவம் 22-இல், காப்பீடு, முகவரிச் சான்று. ட்ரெய்லர் என்றால் கூடவே அதன் வடிவமைப்புக்கு ஒப்புதல் கிடைத்த உத்தரவின் நகல். படிவம் 21-ஐ விற்பவர் கொடுப்பார், 22-ஐத் தயாரிப்பாளர் கொடுப்பார். நீங்களே வெல்டிங் செய்தால் இந்த இரண்டிலும் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

நானே தயாரிப்பாளராகிவிடுகிறேன் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதற்கு, தயாரிக்கும் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றில் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., சி.ஐ.ஆர்.டி., மானேசரில் ஐகேட், நமக்கு அருகில் சென்னை ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று அந்த நிறுவனங்கள் இருக்கின்றன. தொழிலாகச் செய்பவருக்கு அது சரி. ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் செலவைத் தாங்குவது கஷ்டம்.

யூடியூபில் அமெரிக்காக்காரர் வீட்டிலேயே செய்து நம்பர் வாங்குகிறாரே?

அங்கே பல மாகாணங்களில் வீட்டில் செய்த ட்ரெய்லரை ஆய்வு செய்து அரசே ஒரு அடையாள எண் கொடுக்கும். பிரிட்டனில் சின்ன ட்ரெய்லருக்குத் தனிப் பதிவே கிடையாது, இழுக்கும் காரின் நம்பரைப் பின்னால் மாட்டினால் போதும். இந்த இரண்டும் நமக்கு இல்லை. அந்த வீடியோக்களில் மர வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், பதிவு விவரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் எந்த சேசிஸைத் தேடுவது?

கார் அல்லது ஜீப்பால் இழுக்கவென்றே ஒப்புதல் வாங்கிய, ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) கொண்ட சின்ன ட்ரெய்லர். மொத்த எடை 750 கிலோவுக்கு உட்பட்டது டி1 வகை. அதற்கு மேல் 3,500 கிலோ வரை டி2. மலைக்காரர்கள் டி1-க்குள் நின்றுகொள்வது நல்லது. மேட்டுப்பாளையம், கோவையில் நல்ல பட்டறைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பட்டறை நன்றாக வெல்டிங் செய்வது வேறு, அந்தப் பட்டறையிடம் ஒப்புதல் இருப்பது வேறு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றைக் கண்ணால் பாருங்கள். ஒன்று, வடிவமைப்பு ஒப்புதலின் நகல்: அதில் உள்ள நீளம், அகலம், மொத்த எடை நீங்கள் வாங்கப் போகும் சட்டத்தோடு பொருந்த வேண்டும். இரண்டு, அதே மாதிரியை ஏற்கனவே வாங்கியவர் ஒருவரின் ஆர்.சி.: பெயர், முகவரியை மறைத்துக் காட்டினாலும் போதும், வண்டி வகை என்ன என்று தெரிந்தால் சரி. மூன்று, சட்டத்தின் இரும்பிலேயே அடித்த சேசிஸ் எண். ஸ்டிக்கரில் ஒட்டிய எண் போதாது.

'பேப்பர் அப்புறம் தர்றோம் சார்' என்று சொன்னால், பணத்தையும் அப்புறமே கொடுங்கள்.

டிராக்டர் ட்ரெய்லர் மலிவாகக் கிடைக்கிறது, அதைக் குறுக்கிக்கொள்ளலாமா?

கூடாது. அது டிராக்டரின் வேகத்துக்கும் விவசாயச் சுமைக்கும் ஒப்புதல் பெற்றது, எடையும் மிக அதிகம். அதை வெட்டிக் குறுக்கினால் கையில் இருக்கும் ஆர்.சி.யும் பொய்யாகிவிடும்.

சேசிஸுக்கு ஆர்.சி. வாங்கிய பிறகு மேலே கூட்டைக் கட்டினால் என்ன?

52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரத்தோடு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. சரக்கு ட்ரெய்லர் என்று பதிவாகி, நேரில் பார்த்தால் கட்டிலும் சமையல் மேடையுமாக இருந்தால் சோதனையில் பதில் சொல்ல முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

எனவே முதல் பதிவே சரியான வகையில் நடக்க வேண்டும். 2004 நவம்பர் 5-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் அல்லது ட்ரெய்லர் என்று ஒரு வகையே இருக்கிறது. போக்குவரத்து அல்லாத வாகனங்களின் கீழ் வருவது. வண்டிப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தின் வகைப் பட்டியலிலும் அதைப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாது. கவுண்டரில் 'ட்ரெய்லர்' என்று மட்டும் சொன்னால் சரக்கு வண்டிக் கணக்கில் போய்விடும். வகையின் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

பாடி தனியாகக் கட்டப்படும் வண்டிகளுக்குப் படிவம் 22-ஏ உண்டு. முதல் பகுதியில் சேசிஸ் தயாரித்தவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் பாடி கட்டியவர். ஆகவே சேசிஸ் விற்பவரிடம் தொடக்கத்திலேயே பேசுங்கள்: வெளிக்கூடு அவருடைய ஒப்புதல் வரைபடப்படி அவர் பட்டறையிலேயே ஏறட்டும். உள்ளே கட்டில், அலமாரி, விளக்கு, மெத்தை எல்லாம் உங்கள் கைவேலையாக இருக்கட்டும். கட்டும் ஆனந்தம் பாதி போய்விட்டதே என்று தோன்றும். உள்வேலையில் கை வைத்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

ஊட்டியில்தான் பதிய வேண்டுமா? ஆய்வில் என்ன பார்ப்பார்கள்?

2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம். இங்கே குடியிருப்பவர்கள் ஊட்டியிலேயே பதிந்து டி.என். 43 வாங்குவதுதான் வசதி. கோவையிலிருந்து மலைக்கு இழுத்து வரும் வழிக்குத் தற்காலிகப் பதிவை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். நம்பர் இல்லாமல் பர்லியார் தாண்டி வந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். பதிவில்லாத வண்டிக்கு 192-ஆம் பிரிவில் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

ஆய்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கும் முதல் இடம் சேசிஸ் எண். அதன் மேல் பெயின்ட் தடித்திருந்தால் படிக்க முடியாது. எண்ணைச் சுற்றி ஒரு சாண் இடத்துக்கு டேப் ஒட்டிவிட்டு பெயின்ட் அடியுங்கள், பிறகு அந்த இடத்தில் மெல்லிய வார்னிஷ் பூசினால் போதும். அடுத்து விளக்குகள், பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான்கள், டயர், அளவுகள். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி, டியர்டிராப் அதில் ஏறத்தாழ பாதிதான் வரும்.

சொந்தப் பயன்பாட்டு வகையில் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும்.

எடையை எப்படிக் கணக்கிடுவது?

பேப்பரும் பென்சிலும் போதும். 8 அடிக்கு 5 அடி சட்டம், நான்கு குறுக்குத் துண்டுகள், முன்னால் கூம்பி வரும் இரண்டு பைப் என்று எடுத்தால் மொத்தம் 18 மீட்டர் சதுரப் பைப் வரும். 50-க்கு 50, 3 மி.மீ. கனமுள்ள பைப் மீட்டருக்குச் சுமார் 4.3 கிலோ. ஆக இரும்பு 80 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஆக்சில், ஸ்பிரிங், சக்கரங்கள், காரோடு மாட்டும் கப்ளிங் எல்லாம் சேர்ந்து இன்னொரு 80 என்று வையுங்கள்.

எடை ஏறுவது மரத்தில்தான். 12 மி.மீ. பிளைவுட் 8-க்கு 4 ஷீட் ஒன்று 23 கிலோ அளவில் இருக்கும், ஆறு ஷீட் என்றால் 140. அதையே 18 மி.மீ.-இல் எடுத்தால் 200-ஐத் தாண்டும். மேலே போர்த்தும் 1 மி.மீ. அலுமினியத் தகடு ஷீட்டுக்கு 8 கிலோதான். கதவு, ஜன்னல், மெத்தைக்கு 50, பேட்டரி 30, ஒரு கேன் தண்ணீர் 20, அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், துணிமணிக்கு 60. கூட்டினால் 500-ஐத் தொடுகிறது. 750-க்குள் என்று சொன்னேனே, மிச்சம் அவ்வளவுதான். கட்டி முடித்ததும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள்.

என் கார் இழுக்குமா?

காரின் கையேட்டில் இழுவை எடை எழுதியிருக்கும். நம் ஊரில் விற்கும் பல சின்ன கார்களின் கையேட்டில் ட்ரெய்லர் இழுக்கக் கூடாது என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம். உயரமும் கணக்கில் வரும். டர்போ இல்லாத இன்ஜின் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு இழக்கும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. சமவெளியில் இரண்டாவது கியரில் ஏறும் கார் இங்கே முதல் கியரில் மூச்சு வாங்கும். டர்போ டீசலுக்கு இந்தக் கஷ்டம் குறைவு.

சின்ன ட்ரெய்லர்தானே, பிரேக் தேவையா?

ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் விடுகிறார்கள், அதுவும் ட்ரெய்லர் எடை காரின் எடையில் பாதியைத் தாண்டாதபோதுதான். ஆனால் அங்கே எல்லோரும் தினமும் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதில்லை. குன்னூர் 1,850 மீட்டர், கீழே மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அரை டன் எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காரின் சொந்த எடைக்கு மேல் இது கூடுதல். கியரில் பிடிக்காத அத்தனையும் காரின் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். எனவே என் கருத்து தெளிவானது: நீலகிரியில் ஓடும் கேம்பருக்கு, எடை எவ்வளவானாலும், பிரேக் வைத்த ஆக்சில் வாங்குங்கள். வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

சின்ன ட்ரெய்லர்களில் வருவது பெரும்பாலும் ஓவர்ரன் பிரேக். கார் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கப்ளிங் தலை உள்ளே போய் கேபிளை இழுக்கும், டிரம் பிடிக்கும். எளிமையான ஏற்பாடு. ஆனால் நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் டிரம்மும் இடைவிடாமல் லேசாக உரசும். அதனால் வழியில் நிறுத்தி ஆற விட வேண்டும். ஹப்பைத் தொடாமல் உள்ளங்கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும், கருகல் வாடை வந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். வாங்கும்போது ரிவர்ஸில் பிரேக் பிடிக்காமல் விடும் அமைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்றத்தில் பின்னால் எடுக்கவே முடியாது. கை பிரேக், கப்ளிங் கழன்றால் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் கேபிள், கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகள், இவை மூன்றும் கட்டாயம். நிறுத்திய இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் காரைக் கழற்றக் கூடாது.

ஆக்சில் எந்த இடத்தில் வர வேண்டும்?

கூட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால். முன்னாலிருந்து அளந்தால் நீளத்தில் 60 சதவீதம் அளவில். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கப்ளிங்கில் அழுத்த வேண்டும், ஆனால் காரின் பின்னால் உள்ள ஹிட்ச் (இழுவைக் கொக்கி) தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. 500 கிலோவுக்கு 50. குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும்.

அளப்பது எளிது. வீட்டு எடை பார்க்கும் மெஷினைச் சமதளத்தில் வைத்து, அதன் மேல் ஹிட்ச் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளிங்கை அதில் இறக்குங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் பாருங்கள். டியர்டிராப்பில் சமையல் மேடை பின்னால் இருப்பதால் அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாமே எடையைப் பின்னால் இழுக்கும். ஏற்றத்தில் சாய்வும் சேர்ந்து கப்ளிங்கின் அழுத்தத்தை மேலும் குறைக்கும். எனவே தண்ணீர் கேனும் பேட்டரியும் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும்.

ஸ்பிரிங், சக்கரம்?

பட்டை ஸ்பிரிங் போதும். உடைந்தால் மலையிலேயே மாற்ற ஆள் கிடைக்கும். வெளிநாட்டு ரப்பர் டார்ஷன் ஆக்சில் சொகுசுதான், கெட்டால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். சக்கரம் காரின் அளவிலேயே, போல்ட் இடைவெளியும் ஒன்றாக இருக்கும்படி வாங்கினால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். கப்ளிங் பந்தில் கவனம்: ஐரோப்பிய அளவு 50 மி.மீ., அமெரிக்காவில் இரண்டு அங்குலத்தோடு அதைவிடச் சின்னதும் உண்டு. பந்தும் கப்ளிங்கும் ஒரே அளவில் இல்லாவிட்டால் குழியில் துள்ளிக் கழன்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவில் திரும்புமா?

திரும்பும். ட்ரெய்லர் சக்கரம் காரின் தடத்தைவிட உள்பக்கமாக வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காரை நெருக்கி வளைத்தால் ட்ரெய்லரின் உள்சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கும். முன்னால் நீளும் பைப் ரொம்பக் குட்டையாக இருந்தால் முழு வளைவில் கூட்டின் மூலை காரின் பம்பரை இடிக்கும். சேசிஸ் எடுக்கும் நாளிலேயே காரை மாட்டி, காலி மைதானத்தில் முழு ஸ்டியரிங் ஒடித்துப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 14 வளைவுகள், சாலை அகலம், பழகலாம். 36 வளைவுள்ள கல்லட்டி வழியில் ட்ரெய்லரோடு போக வேண்டாம். கூடலூர், மசினகுடிக்கு நடுவட்டம் வழியாகச் சுற்றியே போங்கள்.

துரு பிடிக்காமல் காப்பது?

இரண்டு மழைக்காலம், நடுவில் மூடுபனி. இங்கே வெறும் பெயின்ட் நிற்காது. சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டமாக வாங்குங்கள். முக்கும் முன் மூடிய பைப்புகளில் காற்று போகத் துளை வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் தொட்டியில் வெடிக்கும். பிறகு அதே துளைகள் தண்ணீர் வடியவும் உதவும். முக்கி எடுத்த பின் வெல்டிங் செய்யாதீர்கள், அந்த இடத்தில் பூச்சு போய்விடும், எழும் புகையும் உடம்புக்குக் கெடுதல். கூட்டைப் போல்ட் போட்டே இணையுங்கள்.

விளக்கு அடிக்கடி மங்குகிறது, ஏன்?

காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு முள் பிளக்கில் மூன்றாவது முள்ளின் வெள்ளை ஒயரைப் பாருங்கள். அதுதான் எர்த். பனி ஈரத்தில் பச்சை பூத்திருக்கும். அது கெட்டால் இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். எர்த்தைச் சட்டத்தின் இரும்பு வழியாக விடாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயராக இழுத்தால் இந்தத் தலைவலி பெரிதும் குறையும்.

நம்பர் பிளேட், காப்பீடு?

61-ஆம் பிரிவின்படி ட்ரெய்லரின் சொந்த நம்பர் அதன் பக்கவாட்டில் வர வேண்டும், இழுக்கும் காரின் நம்பர் ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். காரை மாற்றி இழுத்தால் பின்பலகையையும் மாற்ற வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு ட்ரெய்லருக்கும் கட்டாயம். ட்ரெய்லர் இழுக்கப் போவதைக் காரின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?

சொந்தப் பயன்பாட்டு ஆர்.சி.யில் கூடாது. அது போக்குவரத்து வாகனக் கணக்கு: மஞ்சள் பலகை, எஃப்.சி., வரி எல்லாம் வேறு.

எங்கே நிறுத்தித் தூங்கலாம்?

உரிமையாளர் சம்மதித்த தனியார் இடத்தில். வனச் சாலை ஓரத்தில் கூடாது, சட்டமும் விடாது, யானையும் விடாது. வெளி மாவட்டக் காரில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இருக்கிறது. குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்து மூடிப் படுக்கவே கூடாது, அதிலிருந்து வரும் நச்சு வாயுவால் உயிர் போகும். ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தை தூங்கினாலும் எழுப்பிக் காரில் உட்கார வையுங்கள்.

பழைய ட்ரெய்லர் ஒன்று ஆர்.சி.யோடு வருகிறது, வாங்கலாமா?

வாங்கலாம், பல நேரம் அதுவே நல்ல வழி. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை இரும்பில் அடித்த எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வண்டி வகையைப் பாருங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கேரளா, கர்நாடகப் பதிவாக இருந்தால் படிவம் 28-இல் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.